பன்னிரண்டாவது பொருத்து

அவர் குழாய் வேலைக்கு வந்தால் வீட்டுக்காரர் கதிரையில் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடிக்க முடியாது. அவருக்குப் பக்கத்தில், ஈரத்திலும் சீமெந்துத் தூளிலும் நிற்க வேண்டும். குழாயும் குழாயும் சேரும் ஒவ்வொரு பொருத்தும் முடிந்ததும் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு விலகி நின்று, "இப்ப நீங்கள் ஒருக்கா இழுத்துப் பாருங்கோ" என்பார். மெதுவாக இழுத்தால் ஏற்கமாட்டார். "கோபம் வந்தமாதிரி இழுங்கோ." இழுத்து முடிந்ததும் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டுவார். இழுத்த ஆள்தான் பக்கத்துச் சுவரில் ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோடு விழாமல் அடுத்த பொருத்துக்குப் போகமாட்டார்.

எங்கள் ஊர் நாரந்தனையில் இதைச் சொல்லிப் பகிடி பண்ணாத ஆட்கள் குறைவு. "கூலி அவருக்கு, வேலை எங்களுக்கு" என்பார்கள். கடையடியில் கண்டால், "என்ன, இண்டைக்கு ஆரின்ர தோள்மூட்டைக் கழட்டினனீர்?" என்று கேட்பார்கள். அவர் சிரித்துவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். பகிடிக்குப் பதில் சொல்லத் தெரியாத மனிதர்.

நான் கணக்கு ரீச்சர். இருபத்தைந்து வருஷமாகக் கொப்பி திருத்தி என் கைக்குக் கோடு போட வராது, சரிதான் போட வரும். என் குசினிக்குக் குழாய் பூட்டிய அன்று அவர் பென்சிலைத் தந்தபோதும் பழக்கத்தில் ஒரு சரி போட்டேன். வால் நீண்ட சரி. எங்கே கண்டாலும் அது என்னுடையது என்று என் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அவர் குனிந்து பார்த்து, "ரீச்சர் கையால சரி வாங்கிறது இதுதான் முதல்தரம்" என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், என்னிடம் படித்தவரும் இல்லை. ஆனாலும் அன்று முழுவதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

மற்றவர்களை இழுக்கச் சொல்வதற்குக் காரணம் அவருடைய கைகள். சண்டையின் கடைசி மாதங்களில் பட்ட ஷெல் துண்டுகள் வலது முழங்கையிலும் இடது தோளிலும் இருந்தன. வலது கையில் பலம் இருந்தது, விரல்களில் உணர்ச்சி இல்லை. சுடுதண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நின்று பேசுவார், நாம்தான் பதறி வாங்கி வைக்க வேண்டும். இடது கைக்கு எல்லாம் தெரியும், ஆனால் ஒரு வாளித் தண்ணீர் தூக்க ஏலாது. முன்பு இரும்புக் குழாய் வேலை செய்தவராம். குறடு பிடித்து முறுக்க முடியாமல் போன பிறகு பல வருஷம் வேலையில்லாமல் இருந்திருக்கிறார். பசை பூசி ஒட்டும் குழாயும் சரிவரவில்லை. பசை இறுகுவதற்குள் திருப்பி நேராக்குவதற்கு இரண்டு நல்ல கை வேண்டும்.

அதன்பிறகுதான் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் கட்டும் வீடுகளுக்கு, குழாய்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொக்கற்றுகள் வரத் தொடங்கின. முறுக்கத் தேவையில்லை, பசை தேவையில்லை. குழாயை நேராக வெட்டி, சொக்கற்றின் வாயில் வைத்து அமத்தினால் போதும், உள்ளே இருக்கும் பல்லு வளையம் கவ்விக்கொள்ளும். ஊரில் அதற்கு 'அமத்துற சொக்கற்' என்று பேர். மற்றக் குழாய்க்காரர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, விளையாட்டுச் சாமான் என்று தள்ளினார்கள். பிளாஸ்டிக் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று எல்லாருக்கும் சந்தேகம். அவருக்கு மட்டும் அது கடவுள் பார்த்து அனுப்பிய சாமான். குழாயை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கி, வலது உள்ளங்கையைச் சொக்கற்றின் முதுகில் வைத்து, நெஞ்சின் பாரம் முழுவதையும் கொடுத்து அமத்துவார்.

"உது பிளாஸ்டிக் தானே. நம்பலாமோ?" என்று நான் கேட்டேன்.

"சாமானில பிழை இல்லை ரீச்சர். மனிசர் பாதியில விடுறதுதான் பிழை. உள்ளுக்க ரெண்டு இடத்தில நிக்குமாம். முதல் நிக்கிறது றப்பர் வளையத்தில. அது பொய் நிப்பு. சரியா இருக்கிறமாதிரித்தான் இருக்கும், தண்ணியும் ஒழுகாது, மாசக்கணக்கில கிடக்கும். இன்னும் ஒருக்கா அமத்தினால்தான் பல்லுக் கவ்வும். அது மெய் நிப்பு. மற்றாக்களுக்கு விரலில தெரியுமாம். எனக்குத் தெரியாது. இழுத்துப் பாத்தால்தான் தெரியும். இழுக்கிற கை எனக்கு இல்லை."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கழிவிரக்கம் ஒன்றும் இல்லை. தன் கைக்குத் தெரியாததை உன் கையால் சொல்லு என்று ஊரையே கேட்டு வேலை செய்த மனிதர் அவர். குறையை ஒளிக்காமல் நடுவீட்டில் வைத்துவிட்டுத் தொழில் பார்க்க எத்தனை பேரால் முடியும்? என்னால் முடியவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒருமுறை நெடுந்தீவில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார். குறிகட்டுவானில் படகேறி, குழாய்ச் சுருளையும் சொக்கற்றுகள் போட்ட பால்மா ரின்னையும் கொண்டுபோய், இரண்டு நாள் அங்கேயே தங்கி முடித்துவிட்டு வந்தார். திரும்பும் படகில் பாதிக் கடலில் அவருக்கு ஒரு யோசனை. மாட்டுத் தொட்டிக்குப் போகும் குழாயில் கடைசிப் பொருத்துக்குக் கோடு விழவில்லை. அந்த வீட்டு ஐயா இழுக்க வந்த நேரம் மாடு மதிலுக்கு வெளியே போய்விட்டது என்று ஓடினவர், திரும்பி வரவில்லை. அடுத்த நாள் இவர் மறுபடி படகேறினார். ஐயா இழுத்தார், கோடு போட்டார், இவர் வந்துவிட்டார். ஒரு நாள் உழைப்புப் போய்விட்டதே என்று கேட்டதற்கு, "இழுத்துப் பாக்காமல் விட்டிட்டு வந்தால் சாப்பாடு இறங்காது ரீச்சர்" என்றார். "கழண்டதோ?" என்றேன். "இல்லை. நல்லாத்தான் இருந்தது." அதற்கும் சிரித்தார்.

கோயில் ஐயர் வீட்டு அம்மா தோய்ந்துவிட்டுப் பூசைக்கு நின்றவ. இவர் விடவில்லையாம். கடைசியில் தீட்டுப் படாமல் குழாயில் வாழை இலையைச் சுற்றிப் பிடித்து இழுத்தாவாம். இந்தக் கதையை ஊர் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை.

என் தம்பி கனடாவில் இருக்கிறான். என் வளவுக்குள்ளேயே ஒரு வீடு கட்டினான். வருஷத்தில் மூன்று கிழமை வந்து நிற்பதற்கு. மற்ற நாட்களில் பூட்டும் திறப்பும் என்னிடம். குளியலறை அங்கே இருப்பதுபோல வேண்டும் என்று படம் அனுப்பினான். குழாய்கள் வெளியே தெரியக்கூடாது. சுவருக்கு முன்னால் பலகை அடித்து, அதன்மேல் ஓடு பதித்து, எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். சொக்கற்றுகளையும் பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பினான். வேலையை இவரிடம் கொடுத்தேன்.

மொத்தம் பன்னிரண்டு பொருத்து. பதினொன்றையும் நான் இழுத்தேன். கோபம் வந்தமாதிரியே இழுத்தேன். ஒன்றும் அசையவில்லை. பதினொரு சரி போட்டேன். பன்னிரண்டாவது மூலையில், நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. அன்று பாடசாலையில் பரிசளிப்பு விழா. நான் புதுச் சேலை கட்டியிருந்தேன். அந்த மூலையில் ஈரச் சீமெந்து. இழுப்பதென்றால் முழங்காலில் இருக்க வேண்டும். அவர் தண்ணீர் ராங்கி அடிக்குப் போயிருந்தார். ஓடு பதிக்க வந்தவர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொன்று சரி என்றால் பன்னிரண்டாவதும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி ஒரு விடை எழுதினால் எழுப்பி நிற்க வைத்திருப்பேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, சுவரில் ஒரு சரி மட்டும் போட்டேன்.

அவர் வந்து எட்டிப் பார்த்தார். "இழுத்தனீங்களோ ரீச்சர்?"

"ஓம்."

அவர் ஓடு பதிப்பவருக்குத் தலையசைத்தார். பலகை மூடியது.

ஆறு மாதம் ஒன்றும் இல்லை. தம்பி குடும்பம் நயினாதீவுத் திருவிழாவுக்கு வர இருந்தது. ஷவரில் தண்ணீர் வேகமாக வரவேண்டும் என்று சொன்னான். அதற்கென்று ஒரு மோட்டர் பூட்டினோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர் என்பதால் பவுசர் லொறியில் நல்ல தண்ணீர் எடுத்து ராங்கி நிரப்பினேன். மோட்டரைப் போட்டுப் பார்த்தேன், ஷவர் சீறியது. சந்தோஷமாக வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் கருத்தரங்குக்கு யாழ்ப்பாணம் போனேன். மோட்டரை நிறுத்தாமல் போனது மறதியால் அல்ல. அது குழாயில் தண்ணீரின் அழுத்தம் இறங்கினால் தானாகவே ஓடும் மோட்டர்.

திரும்பி வந்தபோது கதவுக்கு அடியால் தண்ணீர் வந்து முற்றம் ஊறியிருந்தது. உள்ளே எல்லா அறையிலும் கணுக்காலளவு தண்ணீர். பக்கத்து அறையில் அம்மாவின் அலுமாரியை வைத்திருந்தேன். அடித்தட்டில் அப்பாவின் படம். இடம்பெயர்ந்த இடமெல்லாம் சேலைக்குள் சுற்றிக் கொண்டு திரிந்து காப்பாற்றிய படம். அப்பாவுக்கு அது ஒன்றுதான் இருந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் தண்ணீர் போய், முகம் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை மட்டும் கிடந்தது. நான் அந்த ஈரத்திலேயே இருந்து அழுதேன்.

அவரே வந்து பதித்த ஓடுகளை உடைத்தார். பலகையைக் கழற்றினார். பதினொரு பொருத்தும் அப்படியே இருந்தன. மூலையில் இருந்தது மட்டும் சொக்கற்றிலிருந்து வெளியே வந்து பக்கத்தில் கிடந்தது. அதற்கு மேலே, வெள்ளைப் பூச்சில், வால் நீண்ட என் சரி.

அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த நேரம் தம்பி வீடியோ கோலில் வந்தான். போனை நான்தான் பிடித்திருந்தேன்.

"ஆர் ஐசே உதைப் பூட்டினது? ஒருத்தரும் செக் பண்ணேல்லையோ?" என்றான். "அக்கா, போனைக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

நான் கிட்டப் போவதற்குள் அவர் பெருவிரலைத் தண்ணீரில் தொட்டு, அந்தச் சரியை அழுத்தித் தேய்த்தார். சுவரில் சாம்பல் நிறமாக ஒரு கறை மிஞ்சியது. "நான்தான் பூட்டினனான் அண்ணை" என்றார். "என்ர பிழை." தம்பிக்கு அவரைவிட வயது குறைவு. தம்பி ஏசினான். அரை மணித்தியாலம் ஏசினான். கையில்லாதவனுக்கு எதற்கு இந்த வேலை என்றும் சொன்னான். அப்பாவின் படம் என்னால் போனது என்று அவனிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. போனை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தம்பி போனை வைத்த பிறகு அவர் என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கணக்கு விளங்காத பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"நீங்கள் இழுக்கேக்க கொஞ்சமும் அசையேல்லையோ ரீச்சர்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவரும் நானும் மட்டும்தான் நின்றோம்.

"இல்லை" என்றேன். "அசையேல்லை."

அவர் வலது கையை விரித்துப் பார்த்தார். "அப்ப இனி நான் செய்ய ஏலாது. என்ர கை பிழை விட்டாலும் இழுக்கிற கை பிடிச்சிடும் எண்டுதான் இவ்வளவு நாளும் செய்தனான். நீங்கள் இழுத்தும் கழண்டதெண்டால் எதை நம்பி இனி ஒரு வீட்டுக்குப் போறது?"

"ஒண்டு தானே. விடும்" என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

பிறகு அவர் குழாய் வேலைக்குப் போகவில்லை. கூப்பிட்டவர்களுக்கும் மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். தம்பி அவருடைய வேலையைப் பழித்து முகநூலில் எழுதியதால் அவ்வளவாக ஒருவரும் கூப்பிடவும் இல்லை. காரைநகரில் மீனுக்கு ஐஸ் போடும் ஒரு வாடியில் பகல் காவலுக்குப் போனார். காலையில் நான் பாடசாலைக்குப் போகும்போது, அவர் வேலைக்குப் போகச் சைக்கிளில் எதிரே வருவார். என்னைக் கண்டால் இறங்கி நிற்பார். "சுகமோ ரீச்சர்?" என்பார். ஒவ்வொரு நாளும் அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து புறப்படுவேன். "சுகம்" என்று சொல்லிவிட்டுப் போவேன். ஒன்றேகால் வருஷம் இப்படிப் போனது. நான் கோழை. அதற்கு வேறு பெயர் வைத்துப் பார்க்கவும் முயன்றிருக்கிறேன், ஒன்றும் பொருந்தவில்லை.

ஒரு நாள் காலையில் வேலைக்குப் புறப்பட்டுச் சைக்கிளை வாசல் படலையடிக்கு உருட்டிக்கொண்டு வந்தவர், அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

செத்த வீட்டுக்குப் போனேன், கூட்டத்தோடு நின்றுவிட்டு வந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை தனியாகப் போனேன். அவர் மனைவி வாளியோடு வெளியே போகப் புறப்பட்டு நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பொதுக் குழாய்க்குப் போவதாகச் சொன்னாள்.

"வீட்டுக்கு இன்னும் தண்ணி லைன் எடுக்கேல்லையோ பிள்ளை?"

"லைன் படலை வரைக்கும் வந்திட்டுது ரீச்சர். உள்ளுக்கும் அவர் குழாய் போட்டு வச்சவர். பொருத்தேல்லை."

குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். படலையிலிருந்து சுவரோரமாகக் குழாய் வந்திருந்தது. நேராக வெட்டி, பிசிறு தட்டி, வெட்டுவாய்களில் மண் போகாமல் துணி கட்டியிருந்தது. மூன்று இடத்தில் மட்டும் இடைவெளி. மூன்று சொக்கற்றும் பால்மா ரின்னுக்குள், பென்சிலோடு கிடந்தன. ஒரு வருஷத்துக்கு மேலாக அப்படியே கிடந்ததாம்.

"தன்ர கையால பொருத்தினால் கழண்டு போயிடும் எண்டு சொல்லுவார். நானும் பிள்ளையளும் தண்ணிக்குப் போய் வாறதைப் பாத்துக்கொண்டு இருப்பார். 'வேற ஆளைக் கூப்பிட்டுப் போடுவம்' எண்டாலும் பேசாமல் இருந்திடுவார்."

நான் சேலையைச் செருகிக்கொண்டு முழங்காலில் இருந்தேன். துணியை அவிழ்த்து, குழாயின் வாயைத் துடைத்து, சொக்கற்றை வைத்து அமத்தினேன். ஓரிடத்தில் நின்றது. சரியாக இருப்பதுபோலத்தான் இருந்தது. இன்னும் ஒருமுறை அமத்தினேன். உள்ளே மெல்லச் சறுக்கி, பிறகு இறுகி நின்றது. விரலில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அவருக்கு வாழ்நாளில் ஒருமுறையும் தெரியாத அந்த இரண்டாவது நிற்றலை நான் அந்த வீட்டில் இருந்து மூன்று தரம் உணர்ந்தேன்.

"இப்ப நீர் ஒருக்கா இழுத்துப் பாரும்" என்றேன்.

அவள் சிரித்தாள். அவர் போன பிறகு முதல்முறை சிரிக்கிறாள்போல இருந்தது. "நீங்கள் பொருத்தினாப் பிறகு நான் என்னத்துக்கு ரீச்சர்? 'அந்த மனிசி கணக்குப் பிழை விடாத மனிசி' எண்டு எப்பவும் சொல்லுவார். உங்கட தம்பி வீட்டில மட்டும் ஏன் அப்பிடி நடந்தது எண்டு கடைசி வரைக்கும் அவருக்கு விளங்கேல்லை. சாப்பிட இருந்தாலும் கையைத்தான் பாத்துக்கொண்டு இருப்பார்."

நான் நிலத்திலிருந்து எழும்பவில்லை.

"நான் அண்டைக்கு இழுக்கேல்லைப் பிள்ளை."

"என்ன ரீச்சர்?"

"பதினொண்டை இழுத்தனான். கடைசியை இழுக்கேல்லை. சேலையில சீமெந்து படும் எண்டு இழுக்காமல் சரி போட்டனான். இழுத்திருந்தால் அண்டைக்கே கையோட வந்திருக்கும். அவர் கேட்டவர். இழுத்தனான் எண்டு பொய் சொன்னனான்."

அவள் வாளியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"கழண்டாப் பிறகும் கேட்டவரோ?"

"ஓம். கேட்டவர்."

"அப்பவும்?"

"அப்பவும்."

அவள் சுவரோரம் கிடந்த குழாயைப் பார்த்தாள். பிறகு, "அப்பச் சொல்லியிருந்தாலும் அவர் வேலைக்குப் போயிருப்பார் ரீச்சர்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

வாளியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தாள். நான் பொருத்திய முதலாவது சொக்கற்றை ஒரு கையாலும் குழாயை மறு கையாலும் பிடித்து, கோபம் வந்தமாதிரி இழுத்தாள். அடுத்ததையும் இழுத்தாள். மூன்றாவதை இரண்டு தரம் இழுத்தாள். ஒன்றும் கழலவில்லை.

பென்சிலுக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன். சுவரில் மூன்று கோடு போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், தண்ணீரைத் திறக்கப் படலையடிக்கு நடந்தாள்.